கத்திரி வெயிலில் மிளகாய்ச் செடிக்கு நிழல்வலை: மாடித் தோட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

மார்ச் பாதிக்கு மேல் மாடியில் மிளகாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். செடி பச்சையாக இருக்கிறது, பூவும் வருகிறது, ஆனால் பூ அத்தனையும் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. தப்பிப் பிடித்த காயிலும் வெயில் படும் பக்கம் வெள்ளையாக, காகிதம்போலத் தோல் காய்ந்துவிடுகிறது. உடனே கடைக்குப் போய்க் கிடைத்த பச்சை வலையை வாங்கி வந்து தலைக்கு மேல் கட்டுவார்கள். அடுத்த மாதம் செடி நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும், காய் மட்டும் இருக்காது.

நிழல்வலை நல்ல பொருள்தான். ஆனால் மிளகாய் வெயிலில் வாழும் செடி. அதற்கு நாம் முழு நிழல் தரத் தேவையில்லை. உச்சிப் பொழுதிலிருந்து மாலை வரை கூடுதலாக விழும் வெயிலை மட்டும் குறைத்தால் போதும். எந்த வலை, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம், எத்தனை மாதம் என்ற நான்கையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வலை தேவையா என்று பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் விளையும் கரிசல் நிலத்தில் யாரும் வலை கட்டுவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அங்கே வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, கோடை முற்றுவதற்குள் பெரும்பாலான பழத்தைப் பறித்துக் காயவைத்துவிடுவார்கள். வேரும் மண்ணுக்குள் ஆழமாக, ஓரளவு குளிர்ச்சியில் இருக்கும்.

மாடியில் நிலைமை வேறு. கீழே கான்கிரீட் தளம், பக்கத்தில் கைப்பிடிச் சுவர். இரண்டும் பகலெல்லாம் சூடேறி, பொழுது சாய்ந்த பிறகும் அனலை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு அங்குலப் பைக்குள் இருக்கும் மண்ணுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை மாடியில்கூட வலை வேண்டியதில்லை. அந்த மாதங்களில் முழு வெயிலும் செடிக்கு நல்லதே. மார்ச் கடைசியிலிருந்துதான் பேச்சு.

செடி என்ன சொல்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். நடுப்பகலில் இலை தொங்கி, மாலை ஆறு மணிக்குள் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வேலை. காலையிலும் தொங்கியே இருந்தால் வேரிலோ தண்ணீரிலோ கோளாறு, வலை அதைச் சரி செய்யாது. இலை மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம்போல ஆனால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் பெரும்பாலும் சிலந்திப் பேன். இவற்றுக்கும் வலைக்கும் சம்பந்தம் இல்லை.

காயில் விழும் புண்ணையும் பிரித்துப் பாருங்கள். வெயில் சுட்ட புண், சூரியனைப் பார்த்த பக்கத்தில் வெளிறிய பட்டையாக இருக்கும். பிறகு அதன்மேல் கறுப்புப் பூஞ்சை ஏறும். காயின் நுனியில் கறுப்பாகக் குழிந்தால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று ஊற்றும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

எத்தனை சதவீத வலை?

கடையில் 35, 50, 75, 90 என்று எண் சொல்வார்கள். அந்த எண் வலை தடுக்கும் வெளிச்சத்தின் அளவு. 75 சதவீத வலை என்றால் 25 சதவீத வெளிச்சமே செடிக்கு வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு 75 வாங்கி வருபவர்கள் ஏராளம். அந்த வலை கார் நிறுத்துமிடத்துக்கும், அழகுச் செடிகளுக்கும் சரி. மிளகாய்க்குக் கூடாது.

காரமான மிளகாய் வகைகளுக்கு 35 சதவீதம் போதும். குடைமிளகாய்க்கும், மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி ஊர்களில் மேற்கு வெயில் நேராக அடிக்கும் மாடிகளுக்கும் 50 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வலையே இல்லாத நிலையிலிருந்து 80 சதவீத நிழல் வரை வெவ்வேறு அளவுகளில் குடைமிளகாயை வளர்த்துப் பார்த்தபோது, சுமார் 35 சதவீதத்தில்தான் விளைச்சல் உச்சத்தில் இருந்தது. நிழல் மேலும் கூடியபோது விளைச்சல் குறைந்தது. வெயில் தாங்காத குடைமிளகாய்க்கே இப்படி என்றால், நம் ஊர் சம்பா மிளகாய்க்கு 75 சதவீதம் எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். காந்தாரி மிளகாய் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, மரநிழல் கலந்த இடத்திலும் அது காய்க்கும்.

சில ஊர்களில் 35 கிடைக்காது, 50தான் இருக்கும் என்பார்கள். பரவாயில்லை, 50ஐ வாங்கி, காலை வெயில் நேராகச் செடிக்கு விழுகிற மாதிரி கிழக்குப் பக்கம் திறந்து வையுங்கள். இரண்டு வலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் சதவீதத்தை அப்படியே கூட்டக் கூடாது. முதல் 35 போக மிச்சம் 65. அந்த 65இல் இரண்டாவது வலை 35 சதவீதத்தைத் தடுக்கும். ஆக மொத்தம் 58 சதவீத நிழல்தான். இரண்டு 50 போட்டால் 75.

கடைக்காரர் சொன்ன எண் உண்மையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மேகமில்லாத நடுப்பகலில் வெட்டவெளியில் ஒரு அளவு, வலைக்குக் கீழே ஒரு அளவு. வெளியே 90,000, கீழே 45,000 என்று காட்டினால் அது 50 சதவீத வலை. கைப்பேசியின் அளவு துல்லியமாக இல்லாவிட்டாலும் விகிதம் ஓரளவு சரியாகவே வரும்.

நிறமும் தரமும்

நம் கடைகளில் பச்சைதான் ராஜா. பச்சையும் கறுப்பும் கலந்தது அடுத்தது. இரண்டுமே வேலை செய்யும். ஆனால் கிடைத்தால் வெள்ளை வலையை எடுங்கள் என்றுதான் சொல்வேன். கறுப்பு வலை வெயிலை உறிஞ்சித் தானே சூடாகும். செடிக்கு நெருக்கமாகக் கட்டினால் அந்த அனல் கீழே இறங்கும். வெள்ளை வலை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மீதியைச் சிதறடித்து உள்ளே விடும். அப்படிச் சிதறிய வெளிச்சம் அடியில் இருக்கும் இலைகளுக்கும் போய்ச் சேரும். இஸ்ரேலில் குடைமிளகாயைப் பெரிய அளவில் வலைக்கூடங்களில் வளர்க்கிறார்கள். அங்கே நடந்த ஆய்வுகளில், அதே அளவு நிழல் தரும் கறுப்பு வலையைவிட முத்து நிற வலைக்கும் சிவப்பு வலைக்கும் கீழே காய்கள் கூடுதலாக வந்தன. கறுப்புதான் கிடைக்கிறது என்றால் உயரமாகக் கட்டுங்கள், நான்கு பக்கமும் காற்று ஓடட்டும். பாதிக் குறை தீர்ந்துவிடும்.

தரத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. கட்டட வேலைக்குத் தொங்கவிடும் மலிவான பச்சை வலையை வாங்கிவிடாதீர்கள். அது அடுத்த கோடைக்குள் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பிளாஸ்டிக் துகள் முழுவதும் உங்கள் மண்ணில்தான் விழும். வெயில் தாங்கும் யூவி பதப்படுத்தியதா என்று கேளுங்கள். விவசாய நிழல்வலைக்கு ஐஎஸ் 16008 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. உறையில் அந்த எண் இருந்தால் நல்லது. இரண்டாவது, பின்னல். முடிச்சுப் பின்னலாக இருக்கும் வலையைக் கத்தரிக்கோலால் வெட்டினாலும் நூல் பிரியாது. குறுக்கும் நெடுக்குமாக நெய்த வலையின் ஓரம் வெட்டியதும் அவிழத் தொடங்கும். அதைச் சூடான கத்தியால் வெட்டி ஓரத்தை உருக்கிவிட வேண்டும்.

பழைய வேட்டி, புடவை கட்டலாமா என்று கேட்பார்கள். நாற்றுக்கு, இரண்டு மூன்று நாள் அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வேண்டாம். காற்றும் மழையும் துணி வழியே போகாது. கோடை மழைக்கு முன் வரும் காற்றில் அது பாய்மரம்போல விரிந்து கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

சூரியன் எந்தப் பக்கம்?

இந்த ஒரு விஷயத்தில் இணையத்தில் இருக்கும் வெளிநாட்டு வழிகாட்டிகள் நம்மைத் தவறான திசையில் கொண்டுபோய்விடும். "தெற்குப் பக்கம் வலை கட்டுங்கள்" என்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பொருந்தும். தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13½ பாகை வடக்கு அட்சரேகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் மதுரையிலும், ஏப்ரல் 25 வாக்கில் சென்னையிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு அது உச்சியைத் தாண்டி வடக்கே போகிறது. மே 4 தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் அக்னி நட்சத்திரத்தின்போது சூரியன் நமக்குச் சற்று வடக்கேதான் இருக்கும், மேற்கும் வடமேற்குமாக மறையும். அதனால் கோடையில் தெற்குப் பக்கம் மறைப்பது வீண்செலவு. நமக்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு வலை, மேற்கிலும் வடமேற்கிலும் ஒரு தொங்கல்.

அந்தத் தொங்கல் ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் சுமார் 45 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது வலை செடியின் தலைக்கு மேல் எத்தனை அடி இருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை அடி நிழல் கிழக்கே நகர்ந்துவிடும். செடி மூன்றடி, வலை ஏழரை அடி என்றால் நான்கு அடிக்கு மேல் விலகிப் போயிருக்கும். மேற்கு ஓரத்தில் இருக்கும் பைகள் முழு வெயிலில் நிற்கும், அதுவும் நாளிலேயே சூடு அதிகமான நேரத்தில். நான்கு மணிக்கு இன்னும் மோசம். ஆகவே மேல் வலையை மேற்கே நான்கு அடி நீட்டுங்கள், அல்லது மேற்கு ஓரத்திலிருந்து மூன்று நான்கு அடி கீழே தொங்கவிடுங்கள். கிழக்குப் பக்கம் திறந்தே இருக்கட்டும். காலை வெயில் செடிக்கு அமிர்தம், அதை மறைக்காதீர்கள்.

சட்டம் அமைப்பது

பத்துக்குப் பத்து அடி இடத்துக்குச் சொல்கிறேன். உங்கள் இடத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் துளை போட்டுக் கம்பம் நடாதீர்கள். மழைக்காலத்தில் அந்தத் துளை வழியாக நீர் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படரும். பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி நான்கு எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓரங்குல ஜிஐ பைப்பை நிறுத்திச் சிமென்ட் கலவை ஊற்றினால் பாரமான அடிப்பாகம் தயார். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி இறுக விடுங்கள். பைப் வாங்க முடியாவிட்டால் சவுக்குக் கம்பும் மூங்கிலும் போதும்; இரண்டு மூன்று கோடை தாங்கும். பிவிசி பைப் மட்டும் வேண்டாம். வெயிலில் இளகி வளைந்துவிடும்.

கிழக்குக் கம்பங்கள் எட்டடி, மேற்குக் கம்பங்கள் ஏழடி என்று வைத்தால் வலை மேற்கு நோக்கிச் சரியும். மாலை வெயில் புகும் இடைவெளி குறைகிறது, சூடான காற்று உயர்ந்த பக்கமாக வெளியேறுகிறது. எப்படியும் செடியின் உச்சிக்கும் வலைக்கும் நடுவில் இரண்டடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். நீங்கள் குனியாமல் உள்ளே நடக்க முடிவதும் முக்கியம். குனிந்து போக வேண்டிய பந்தலுக்குள் பூச்சி பார்க்க யாரும் தினமும் போகமாட்டார்கள்.

கம்பங்களின் உச்சியை நான்கு பக்கமும் பைப்பாலோ கம்பாலோ இணைத்து, நடுவே குறுக்காக இரண்டு மூன்று கட்டுக்கம்பி இழுத்துவிடுங்கள். வலை தொய்யாமல் அந்தக் கம்பி தாங்கும். உறுதியான கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் அதற்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள்.

வலையைக் கட்டுவது

நான்கு பக்கமும் ஓரடி கூடுதலாக வைத்து வெட்டுங்கள். மேற்கே மட்டும் நான்கு அடி. ஓரத்தை இரண்டாக மடித்து, அந்த மடிப்பில்தான் கயிறோ, இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் டேகோ கோக்க வேண்டும். ஒற்றை இழையில் கட்டினால் முதல் காற்றிலேயே கிழியும். இரண்டடிக்கு ஒரு கட்டு போதும். வெயிலில் இரும்பு பைப் பழுக்கக் காய்ந்து, வலை உரசும் இடமெல்லாம் நைந்துபோகும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி பைப்பின்மேல் சுற்றிவிட்டால் வலையின் ஆயுள் கூடும்.

முறுக்கிக் கட்டாதீர்கள், படபடவென்று அடிக்கும்படி தளர்த்தியும் விடாதீர்கள். கையால் அழுத்தினால் நான்கைந்து அங்குலம் இறங்க வேண்டும். அந்தப் பதம் சரி.

வீட்டில் பகலில் ஆள் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கிழக்கு மேற்காக இரண்டு ஓரத்திலும் கம்பி இழுத்து, திரைச்சீலை வளையங்களை வலையில் மாட்டி, திரைபோல நகர்த்தும்படி வையுங்கள். பதினொரு மணிக்கு இழுத்து மூடி, நாலரைக்குத் திறக்கலாம். மேகமூட்டமான நாளில் மூடவே வேண்டாம். 50 சதவீத வலை வைத்திருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம். வேலைக்குப் போகிறவர்களுக்கு 35 சதவீத வலையை நிரந்தரமாகக் கட்டுவதே சரி.

காற்று எந்த மாதம் வரும் என்பதையும் மறக்காதீர்கள். ஏப்ரல், மே கோடை மழை சட்டென்று வரும், முன்னால் புழுதிக்காற்று. கோவை, தேனி, தென்காசிப் பக்கம் ஜூன் முதல் ஆடி முடிய பாலக்காட்டுக் கணவாயும் மற்ற மலை இடைவெளிகளும் காற்றைக் குவித்து அனுப்பும். காற்று எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். ஒருநாள் வெயில் செடியைக் கொல்லாது. பிய்ந்து பறக்கும் கம்பம் தெருவில் போகிறவர்மேல் விழலாம்.

வலை போட்ட பிறகு

தண்ணீரைக் குறைக்க வேண்டும். வலைக்குக் கீழே மண் மெதுவாகக் காயும். பழைய கணக்கில் காலை மாலை ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றுவது விடியற்காலையில் இருக்கட்டும். மாடிக் குழாயில் பகலில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

மேலே வலை கட்டிவிட்டு வேரை மறந்துவிடக் கூடாது. பைகளைத் தளத்திலேயே வைக்காமல் செங்கல்லின் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ வையுங்கள். மேற்குக் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கட்டும். கறுப்புப் பையானால் சுற்றிலும் பழைய சணல் சாக்கைக் கட்டுங்கள். மண்ணின்மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை எதையாவது இரண்டு அங்குலம் பரப்புங்கள்.

தழைச்சத்து உரத்தை இந்த மாதங்களில் அளவோடு கொடுங்கள். நிழலும் தழைச்சத்தும் சேர்ந்தால் இலைதான் கொழிக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதாக இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு. வலை இருக்கிறதே என்று மதியம் தெளித்தால் இலை கருகும். கிளை கழிப்பதையும் ஜூன் வரை தள்ளிப்போடுங்கள். இலைகள்தான் காய்க்கு முதல் நிழல்.

நான்கு பக்கமும் வலையால் மூடி அறைபோல ஆக்கிவிடாதீர்கள். காற்று நின்றால் உள்ளே சூடு தேங்கும், தேனீயும் வராது. மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், பூ கொஞ்சம் அசைய வேண்டும். காற்றில்லாத நாள்களில் காலை எட்டு ஒன்பது மணிக்குக் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

செடி நெட்டையாகி, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, இலை அகன்று மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கம் சாயத் தொடங்கினால் நிழல் அதிகம். வலையை மாற்றுங்கள், அல்லது திறந்து வைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

வலையால் முடியாதது

வலை இலையின் சூட்டையும் காயின் சூட்டையும் நன்றாகக் குறைக்கும். காற்றின் வெப்பத்தை அந்த அளவுக்குக் குறைக்காது. பகல் 35 பாகை செல்சியஸைத் தாண்டும்போது மிளகாய்ப் பூவின் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ உதிர்கிறது. குடைமிளகாய் இன்னும் முன்பே, 32ஐத் தாண்டியதுமே தடுமாறும். இரவும் புழுக்கமாக இருந்தால் நிலைமை இன்னும் கெடும். மே மாதச் சென்னையிலோ மதுரையிலோ வலைக்குக் கீழேயும் பூ உதிரத்தான் செய்யும். கவலைப்பட வேண்டாம். செடி வாடாமல், இலை கருகாமல், இருக்கும் காய் சுடாமல் கோடையைக் கடந்தால் வலை தன் வேலையைச் செய்துவிட்டது. வெப்பம் தணிந்ததும் அதே செடி புதுத் துளிர் விட்டுக் கொத்தாகப் பூக்கும்.

குடைமிளகாய் மே மாதத்தில் காய்க்க வேண்டும் என்று சமவெளியில் பாடுபடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது, பசுமைக்குடிலும் உண்டு, அதனால் அங்கே அது சாத்தியம். நாம் செப்டம்பர், அக்டோபரில் நட்டால் குளிரோடு காய் வரும்.

எப்போது கழற்றுவது?

கோவை, தேனி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மேகம் கூடியதும், ஜூன் நடுவிலேயே எடுத்துவிடலாம். சென்னை, கடலூர், வேலூரில் ஜூனும் சுடும். ஜூலையில் மாலை மழை தொடங்கிய பிறகு எடுங்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி மாதிரி மழை எட்டாத ஊர்களில் செப்டம்பர் வரைகூட மேற்குத் தொங்கலை வைத்திருக்கலாம்.

ஒரே நாளில் கழற்றக் கூடாது. நிழலில் வந்த இலை மெல்லியது. திடீர் வெயிலில் வெளுத்துக் கருகும். மேகமூட்டமான நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் பத்து மணி வரை திறப்பு, அடுத்து பன்னிரண்டு வரை, அப்புறம் மேற்குத் தொங்கலை மட்டும் விட்டு முழுத் திறப்பு என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக நட்ட நாற்றுக்கும் இதே முறைதான்: முதல் வாரம் 50 சதவீத நிழல், பிறகு படிப்படியாக வெயில்.

கழற்றிய வலையில் தூசியும் பறவை எச்சமும் அப்பியிருக்கும். தூசி படிந்த 35 சதவீத வலை அடுத்த வருடம் 45, 50 ஆகிவிடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி, எலி எட்டாதபடி பரணில் போடுங்கள். ஒரு ஓரத்தில் சதவீதத்தையும் அளவையும் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் அடுத்த பங்குனியில் எடுக்கும்போது அளக்க வேண்டியிருக்காது.